இரவல் தொண்டை

என்னிடம் குரல் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் நாள் குரலைப் பற்றிக் கேட்பதில்லை. சற்று நேரம் என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "சார், நீங்கதானே அந்தப் படத்துல அம்மா செத்துப்போனதும் மேல விழுந்து அழுவீங்க?" என்கிறார்கள். "எந்த அம்மா?" என்று நான் திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. வெள்ளித்திரையில் நான் பறிகொடுத்த அம்மாக்கள் அநேகம்.

எண்பதுகளில் குழந்தை நட்சத்திரத்துக்கு இருந்த உத்தியோகங்கள் குறைவு. குண்டுக் கன்னம் இருந்தால் பெரியவர்களுக்குப் புத்தி சொல்லலாம். பிரிந்துபோன அப்பாவையும் அம்மாவையும் கிளைமாக்ஸில் கைகோத்து வைக்கலாம். கன்னம் ஒட்டியிருந்தால் இடைவேளைக்குள் அநாதையாகிவிட வேண்டும். எனக்குக் கன்னம் ஒட்டியிருந்தது. நிஜ அம்மா வீட்டில் திடகாத்திரமாக இருந்தார், இன்றும் இருக்கிறார். டி.வி.யில் பழைய படம் ஓடினால் மூக்குக் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு, "இவளுக்கும் நீதான்டா கொள்ளி வெச்ச" என்று கணக்குச் சொல்வார்.

படங்களின் பெயர்களைச் சொல்லமாட்டேன். தயாரிப்பாளர்கள் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். சம்பள பாக்கியும் உயிரோடு இருக்கிறது. இன்றைக்குக் குழந்தைகளை நடிக்க வைக்க ஏகப்பட்ட கட்டுப்பாடு. 2017-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிறுத்தக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் 20 சதவீதத்தையாவது குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புநிதியாகப் போடவேண்டும். அமெரிக்காவில் இந்த ஞானம் 1939-லேயே வந்துவிட்டது. சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்து பெரியவனாகி, என் பணம் எங்கே என்று பார்த்தபோது, அம்மாவும் மாற்றுத் தந்தையும் பெரும்பகுதியைத் தின்று முடித்திருந்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார், கலிபோர்னியாவில் சட்டம் பிறந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு வைப்புநிதி இருந்தது. அதை நாங்கள் 'அப்பா' என்று அழைத்துவந்தோம். முதிர்வுத் தேதி கேட்டால் அடி விழும்.

அழுகைக்கு வருகிறேன். கண்ணீர் கிளிசரினுடையது, முகம் என்னுடையது. சத்தம்?

வடபழனியில் விஜயா வாகினி ஸ்டூடியோ இருந்த வளாகத்தில் இப்போது பெரிய மால் நிற்கிறது. அங்கே விலைச்சீட்டைப் பார்த்து ஜனங்கள் கலங்குவதைப் பார்க்கும்போது இடத்துக்கு ஒரு ராசி உண்டு என்று தோன்றும். நான் அழுததும் அங்கேதான். கேமரா உறுமும், உதவி இயக்குநர் அதற்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டுக்கொண்டு வசனத்தை எடுத்துக்கொடுப்பார், டிராலி தள்ளுகிறவர் இருமுவார். அங்கே பதிவாகிற ஒலி, பைலட் ட்ராக், பின்னால் டப்பிங்குக்கு வழிகாட்ட மட்டும்தான். நான் எப்படிக் கதறினாலும் அது குப்பைக்குத்தான் போகும் என்பது எனக்குத் தெரியாது. முதல் படத்தின் டைரக்டர் என் பைலட் ட்ராக்கைக் கேட்டுவிட்டு, "மூஞ்சி தங்கம். வாயைத் தொறந்தா தகர டப்பாவுல ஆணியைப் போட்டுக் குலுக்கறான்" என்று என் அப்பாவிடமே சொன்னார். அப்பா முதல் பாதியை மட்டும் வீட்டில் சொன்னார்.

டப்பிங் தியேட்டருக்கு என்னை வேடிக்கை பார்க்கத்தான் கூட்டிப்போனார்கள். இருட்டறை. படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, நுனியோடு நுனி ஒட்டி, லூப்பாக ஓட்டுவார்கள். திரையில் நான் வாயைத் திறந்து மூடுவேன், மறுபடி திறந்து மூடுவேன், சரியாகப் பொருந்தும்வரை செத்துப்போன அம்மாவும் மறுபடி மறுபடி சாவார். மைக்கின் முன்னால் ஓர் அக்கா நின்றார். நாற்பதை நெருங்கிய வயது, கதர்ப் பட்டுப் புடவை, நெற்றியில் விபூதிக் கீற்று. இரண்டு ரீலுக்கு நடுவே மூலையில் உட்கார்ந்து பச்சை வெள்ளை ஒயரில் கூடை பின்னிக்கொண்டிருந்தார். சவுண்டு என்ஜினீயர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டியதும் கூடையைக் கீழே வைத்தார், எழுந்தார், உள்ளங்கையால் வாயைப் பாதி பொத்திக்கொண்டார், "அம்மா!" என்று கதறினார். எட்டு வயதுப் பையன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கதறி முடித்ததும் மறுபடி உட்கார்ந்து, விட்ட முடிச்சிலிருந்து தொடர்ந்தார்.

என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து அவரே கூப்பிட்டார். "ஏன்டா கண்ணா, நீ மூஞ்சியால அழு, நான் தொண்டையால அழறேன். பாதிப் பாதி. யாருக்கும் நஷ்டமில்ல." சம்பளத்தில் அந்தப் பாதிப் பாதி இல்லை என்பதைப் பிற்பாடு அவரே சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒயர்க் கூடையில்தான் கொஞ்சம் காசு வந்ததாம்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. குழந்தையின் குரல்நாண் வினாடிக்குச் சுமார் 300 தடவை அதிரும், பெண்ணுடையது 200 வாக்கில், ஆணுடையது 100-லிருந்து 130 வரை. பெண் கொஞ்சம் மேலே ஏறினால் பையன் வீட்டுக் கதவைத் தட்டிவிடலாம். மேலும் நிஜப் பையனுக்கு மூணாவது லூப்பில் ஒண்ணுக்கு வரும். அக்காவுக்கு வராது. களத்தூர் கண்ணம்மாவில் (1960) சிறுவன் கமல் வாயசைத்த பாட்டைப் பாடியவர் எம்.எஸ். ராஜேஸ்வரி. 'துர்கா'வில் (1990) பேபி ஷாமிலிக்குப் பாடியவரும் எம்.எஸ். ராஜேஸ்வரி. இடையில் முப்பது வருஷம். கமலுக்கு மீசை முளைத்து, அவர் தன் படங்களைத் தானே டைரக்ட் செய்யும் காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஐம்பத்தெட்டு வயதிலும் குழந்தையாகவே இருந்தார். தமிழ் சினிமாவின் நிஜமான குழந்தை நட்சத்திரம் யார் என்று கேட்டால் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

எனக்கு வந்த சோதனை கல்யாண வீடுகளில். பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் ஒரு மாமா என்னை நாற்காலிமேல் ஏற்றுவார். "அந்த டயலாக்கைச் சொல்லு கண்ணா." சொல்வேன். கூட்டம் திகைத்துப்போகும். "சினிமாவுல எவ்வளவு நல்லாப் பேசற, இங்க மட்டும் ஏன்டா இப்படி?" என்பார் அத்தை. பக்கத்துவீட்டுப் பையன் ஒருவன் நான் அந்தப் பையனே இல்லை, முகஜாடையை வைத்து ஏமாற்றுகிறேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டான். என் வசனத்தை அவன் என்னைவிட நன்றாகப் பேசிக் காட்டினான். ஓட்டெடுப்பு வைத்திருந்தால் அவன்தான் நான்.

நூறு வருஷத்துக்கு முந்திய பையன்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது மைக் என்கிற வஸ்து மேடைக்கு வரவில்லை. விடிய விடிய நாடகம், கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்காரன் தூங்கினால் அவனை எழுப்புகிற அளவுக்குத் தொண்டை வேண்டும். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் தொடங்கினார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர்., பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சிவாஜி. சிவாஜி முதலில் போட்டது சீதை வேஷம். இப்படிப் பாடிக் கொடிகட்டிய பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு நாள் காலையில் மகரக்கட்டு வரும். குரல்வளை வளர்ந்து, குரல்நாண் நீண்டு தடித்து, சுருதி ஏறக்குறைய ஒரு முழு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். நேற்றுவரை ராஜபார்ட், இன்றைக்குத் திரை இழுக்கிற வேலை, அல்லது ஊருக்கு ரயில். தப்பித்தவர்கள் அபூர்வம். அந்த அபூர்வத்தில் ஒருவரான டி.ஆர். மகாலிங்கம் 'நந்தகுமார்' (1938) படத்தில் சிறுவன் கிருஷ்ணனாக வந்து தன் சொந்தத் தொண்டையில் பாடினார். அதே படத்தில் அம்மா தேவகிக்குக் குரல் சரியில்லை என்று லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்துச் சேர்த்தார்கள். தமிழில் பின்னணி பாடுவது அங்கேதான் ஆரம்பம் என்பார்கள். பையன் சொந்தக் குரலில், அம்மா இரவல் குரலில்! நான் நாற்பத்தைந்து வருஷம் முந்திப் பிறந்திருக்க வேண்டியவன்.

எனக்கும் மகரக்கட்டு வந்தது. கோடம்பாக்கத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்கள் கவனித்தது மேலுதட்டை. மேக்கப் அண்ணன் ஒருவர் மூன்று மாதம் பான்கேக்கைப் பூசிப் பூசி என் மீசையை ஒத்திவைத்தார். பிறகு அவரும் கைவிட்டார். பாய்ஸ் கம்பெனிப் பையன்களைத் தொண்டை கவிழ்த்தது, எங்களை ரோமம்.

குழந்தை நட்சத்திரம் என்றால் கமல், ஸ்ரீதேவி, மீனா என்று சொல்லிப் பழகிவிட்டோம். துணைவனில் (1969) முருகனாக வந்த ஸ்ரீதேவிக்குப் பின்னால் வந்தது ஊருக்கே தெரியும். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று எவரும் கேட்பதில்லை. பேங்கில் இருக்கிறார்கள், கேட்டரிங் நடத்துகிறார்கள், துபாயில் கிரேன் ஓட்டுகிறார்கள். எனக்குப் பிடித்த உதாரணம் ரோகிணி. குழந்தையாகத் தெலுங்குப் படங்களில் நடித்தவர், வளர்ந்து நடிகையானார், அதோடு மற்ற நடிகைகளுக்குக் குரலும் ஆனார். பம்பாயில் மனீஷா கொய்ராலா பேசியதும் ராவணனில் ஐஸ்வர்யா ராய் பேசியதும் அவர் தொண்டையில்தான். கடன் வாங்குகிற வம்சத்தில் பிறந்து கடன் கொடுக்கிறவராக உயர்ந்தவர். நான் அந்த உயரத்துக்குப் போகவில்லை, பி.காம். முடித்து, பாலிசி விற்றுக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில்தான் வானொலி நாடகங்களில் நடித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்குப் பாலிசி விற்கப் போனேன். நான் பேசப் பேச அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தபோது சொன்னார்: "தம்பி, பணம் திரும்பி வருமா வராதாங்கறதை நீங்க நாலு தடவை சொல்லிட்டீங்க. நாலு தடவையும் எனக்குக் கேக்கலை." என்னுடைய வாக்கியம் ஒவ்வொன்றும் கணீரென்று தொடங்கி, கடைசிச் சொல்லில் மூச்சுத் தீர்ந்து மண்ணில் புதைந்துகொண்டிருந்ததாம். "தமிழ்ல காரியம் கடைசியில இருக்கு தம்பி. செஞ்சேனா, செய்வேனா, செய்யமாட்டேனா, எல்லாம் வால்ல. நீங்க வாலை முழுங்கறீங்க."

அவர் பாலிசி எடுக்கவில்லை. நான் வாரம் இரண்டு நாள் அவர் வீட்டுக்குப் போய் மளிகைச் சீட்டை உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். இன்று நான் பிழைக்கிற பிழைப்பு முழுவதும் அந்த வால்தான். யாரை வேண்டுமானாலும் கவனித்துப் பாருங்கள். அரை மூச்சில் தொடங்குவார்கள், நடுவில் விளக்கம் சேர்ப்பார்கள், வினைச்சொல் வரும்போது நுரையீரலில் காற்று இருக்காது. என் மாணவர் ஒருவர் பெரிய மென்பொருள் கம்பெனியில் மேலாளர். அமெரிக்காக்காரனோடு இரவெல்லாம் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிறவர். மாமனார் போனில், "மாப்ளே, தீபாவளிக்கு வர்றீங்கதானே?" என்று கேட்டிருக்கிறார். இவர், "இந்த வருஷம் லீவு விஷயமா கொஞ்சம் பார்த்துட்டு, அநேகமா வர..." என்று முடித்திருக்கிறார். இவர் சொன்னது 'வரமுடியாது'. அங்கே போய்ச் சேர்ந்தது 'வர்றோம்'. மாமியார் இரண்டு படி மாவில் முறுக்குச் சுட்டுவிட்டார். மாப்பிள்ளை குடும்பத்தோடு கோவாவில் இருந்தார். முறுக்கு கூரியரில் வந்தது, கூடவே மாமனார் வரவில்லை என்பதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் கடைசிச் சொல்வரை தெளிவாக இருந்தது. பயம் நல்ல பயிற்சியாளர்.

'ஆளுமை வளர்ச்சி' எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பீர்கள். சாலிகிராமத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இடம் பிடித்துவிட்டு, 'குரல் பயிற்சி' என்று போர்டு வைக்க ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சார், இது மட்டும் போட்டா பாட்டு வாத்தியார்னு நெனச்சுடுவாங்க. நெறைய எடம் காலியா கெடக்கு, கூட பர்சனாலிட்டி டெவலப்மென்ட் போட்டுக்கலாமா?" எவ்வளவு ஆகும் என்றேன். "ஒண்ணும் ஆகாது சார். ஃப்ளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கு. எழுத்து ஃப்ரீ." இலவசமாகக் கிடைத்ததால் நான் மனிதர்களின் ஆளுமையையும் வளர்க்கத் தொடங்கினேன். அவர் விட்டிருந்தால் 'திருமணத் தகவல்' சேர்க்கவும் இடம் இருந்தது.

போர்டு மாட்டியபின் தொழில் கற்கவேண்டுமே என்று சக பயிற்சியாளர்களின் கூட்டங்களுக்குப் போனேன். நட்சத்திர ஓட்டலில் நடக்கும், ஏ.சி. குளிரில் எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் ஊக்குவிப்பார்கள். யார் மேடையேறினாலும் இரண்டாவது ஸ்லைடில் ஒரு வட்டப் படம் வரும்: நாம் சொல்வதில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கும் உடம்புக்கும் 55. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு சின்ன ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு இது. ஒற்றைச் சொல்லை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, முகப் படங்களைக் காட்டி, பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல் ஒன்றும் முகம் வேறொன்றும் காட்டுகிறபோது எதை நம்புவோம் என்பதற்கு மட்டுமே அந்தக் கணக்கு. எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். அவர் அதையும் வட்டப் படமாகப் போட்டிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். சொல்லுக்கு 7 சதவீதம்தான் என்றால், டெல்லிக்குப் போகிற தமிழன் ரயிலை விட்டு இறங்கியதும் 93 சதவீத இந்தியைப் புரிந்துகொண்டிருக்க வேண்டுமே! ஆட்டோக்காரர் சொல்கிற தொகை அந்த மிச்ச 7-இல்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்த ஸ்லைடை என்னாலும் விடமுடியவில்லை. 38 என் இன்றைய தொழில், 55 என் பழைய தொழில். மொத்தத்தில் 93 சதவீதம் நான்தான்.

வருகிறவர்களில் இளைஞர்கள் கேட்பது ஒரே ஒரு சரக்கு. பேஸ் வாய்ஸ். "கெத்தா இருக்கணும் சார்." கதாநாயகன் அறிமுகக் காட்சிபோலக் கழுத்தைத் தாழ்த்தி, தாடையை மார்பில் இடித்துக்கொண்டு, தொண்டையை நெரித்து ஒரு 'வணக்கம்' சொல்வார்கள். கதவு கீல் முனகுகிற ஓசை வரும். குரல்நாணின் நீளமும் தடிமனும் அப்பா அம்மா கொடுத்தது, அதை ஈ.எம்.ஐ.யில் மாற்றமுடியாது என்று சொன்னால் நம்பிக்கை இழந்த முகத்தோடு பார்க்கிறார்கள். உடனே அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு என்று ஒரு நாட்டுமருந்துக் கடையே விரியும். விழுங்குகிற எதுவும் குரல்நாணைத் தொடாது; அது உணவுக்குழாயோடு போய்விடும். தப்பித் தவறித் தொட்டால் புரையேறிக் கண் பிதுங்கும். குடித்தால் இதமாக இருக்கும், குடியுங்கள், என் கண்ணெதிரே வேண்டாம் என்பேன். தண்ணீர் குடியுங்கள், செருமாதீர்கள், வயிறு அசைய மூச்சு விடுங்கள், வாக்கியத்தை முடித்துவிட்டு வாயை மூடுங்கள். இந்த நாலு வரிக்கு நான் வாங்குகிற பணம் எனக்கே அதிகம் என்று தோன்றுவதால் நடுவில் கொஞ்சம் தியானமும் சேர்த்திருக்கிறேன்.

வட்டச் செயலாளர் ஒருவர் வந்தார். மூச்சு என்றால் அது மூச்சு. மேடையில் ஏறினால் மாவட்டத்திலிருந்து தொடங்கி மைக் செட்காரர்வரை 'அவர்களே' போட்டு முடிக்க இருபது நிமிஷம், நடுவில் காற்று இழுத்த தடயமே இருக்காது. நான்தான் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். "அண்ணே, உங்களுக்கு என்கிட்ட என்ன வேலை?" என்றேன். வெட்கப்பட்டார். "வீட்டுக்காரம்மா அனுப்பிச்சது வாத்தியாரே. வீட்டுக்குள்ள பேசறதுக்குக் கத்துக்கிட்டு வரச்சொல்லுது." ஒரு காபி கேட்டாலும் எதிர்வீட்டில் பால் காய்ச்சுகிறார்களாம். அவருக்குச் சத்தத்தைக் குறைப்பதுதான் பயிற்சி. கட்டணம் அதேதான். இரண்டாம் மாதம் மனைவியிடமிருந்து போன் வந்தது. "இப்பல்லாம் மெதுவாத்தான் பேசறாரு தம்பி. ஆனா இன்னும் 'அவர்களே' போடறாரு."

ஒரே ஒருவரிடம் மட்டும் நான் வேடிக்கை பேசவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியை. ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள், ஜன்னலுக்கு வெளியே மெயின்ரோடு. மாலையில் வீட்டுக்குப் போனால் பேசக் குரலிருக்காது, சொந்தப் பிள்ளையைக் கைதட்டிக் கூப்பிடுவதாகச் சொன்னார். கிசுகிசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று யாரோ சொல்லி, கிசுகிசுத்தே இன்னும் கெடுத்துக்கொண்டிருந்தார். கத்திக் கத்திக் குரல்நாணில் முடிச்சு விழுவது ஆசிரியர்களுக்குச் சகஜம். குரல் இரண்டு மூன்று வாரத்துக்குமேல் கரகரத்தால் பயிற்சியாளரிடம் வரக் கூடாது, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். முடிச்சுதான். கத்தியில்லாமல் பயிற்சியிலேயே கரைந்தது. இப்போது இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறார். பிள்ளைகள் அவரைக் கண்டக்டர் டீச்சர் என்கிறார்களாம். அவர் அதைச் சொல்லிச் சிரித்தபோது நல்ல காற்றோட்டமான சிரிப்பு. அன்றைக்குத் தியானத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். வாடகை ஞாபகம் வந்தது.

போன மாதம் மாடிப்படியில் ஒருவர் காத்திருந்தார். கீழே அவருடைய குட்டியானை, முழுக்க வெங்காய மூட்டை. எங்கள் தெருக்களில் இப்போது யாரும் கூவி விற்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வண்டித் தலையில் ஒலிபெருக்கி, அதில் எவரோ எப்போதோ பேசிவைத்த குரல். விற்கிறவர் வாயைத் திறக்காமல் தராசைப் பிடித்துக்கொண்டிருப்பார். கோடம்பாக்கம் என்னிடம் செய்ததைத் தெரு முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார்கள். இவருக்கு இருந்த பழைய பதிவில் விலை தப்பு, புதிதாக ஒன்று வேண்டும். "போர்டைப் பார்த்தேன் சார். வாய்ஸுன்னு போட்டிருந்திச்சு."

விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அவருடைய செல்போனிலேயே பதிவு செய்தோம். வயிற்றில் மூச்சு நிறைத்து, "அம்மா! வெங்காயம், பெரிய வெங்காயம், அஞ்சு கிலோ நூறு ரூபாய்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "'அம்மா'ங்கற எடத்துல அழுவற மாதிரி இருக்கு சார். செத்தா போயிட்டாங்க? வாங்க வர்றாங்க சார். கொஞ்சம் சிரிச்சாப்ல." டைரக்டர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு தெளிவாகக் காட்சியை விளக்கியவர் இல்லை. சிரித்தாற்போல் சொன்னேன். டேக் ஓக்கே.

ஐம்பது வயதில், என் சொந்தத் தொண்டை முதன்முதலாகப் பொதுமக்களுக்கு வெளியானது. சாலிகிராமம், விருகம்பாக்கம் ஏரியாக்களில், காலை ஏழிலிருந்து பத்துவரை தினசரி காட்சிகள். நான் பால்கனியில் பேப்பரை விரித்துக்கொண்டு காத்திருந்தேன். வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. "அம்மா!" உள்ளேயிருந்து என் அம்மா பையோடு வந்து எட்டிப் பார்த்தார். "யாருடா இவன், புது ஆளா? 'ரூபாய்' வரைக்கும் எவ்வளவு சுத்தமாச் சொல்றான் பாரு" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. "நீயும் இவ்ளோ வருஷமா சொல்லிக் குடுக்கற. இவன்கிட்ட போய் ஒரு மாசம் கத்துக்கலாம்."

இரண்டு வாரம் கழித்து வெங்காயக்காரர் மறுபடி வந்தார். விலை ஏறிவிட்டதாம். "'அஞ்சு கிலோ'ங்கற எடத்துல மட்டும் 'நாலு கிலோ'ன்னு ஒரு பஞ்ச் பண்ணிக் குடுங்க சார். மீதி அப்படியே இருக்கட்டும், நல்லா ஓடுது." செய்து கொடுத்தேன். போகும்போது தக்காளிக்கும் வண்டி விடப்போவதாகச் சொன்னார். அதற்கும் ஒன்று இப்போதே பதிவு செய்துவிடலாமே என்றேன்.

"இல்ல சார், அதுக்கு வேற ஆள் சொல்லிட்டேன்" என்றார் தயங்கி. "தக்காளிக்குப் பொம்பளைக் குரல்தான் சார் எடுக்கும்."